ஹேண்டிகேப் 21-ல இருந்து 5-க்கு வர எத்தனை வருஷம் ஆகும்? மனசாட்சியோட சொல்லுங்கப்பா

எடிசன்_அப்பா:

வணக்கம் மக்களே. நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன், வயசு 39. மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் கோல்ஃப்னா பணக்காரங்க வெள்ளை பேன்ட் போட்டுக்கிட்டு வாக்கிங் போற விஷயம்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தவன் நான். ஆபீஸ்ல ஒரு நாள் அவுட்டிங்னு கூட்டிட்டு போனாங்க, பதினேழு ஹோல்ல மானம் கப்பலேறிச்சு, ஒரே ஒரு ஹோல்ல மட்டும் ஏழாம் நம்பர் அயர்ன் கிளப் எப்படியோ நடு மத்தியில பட்டு பால் மேல போய் கிரீன்ல (குழி இருக்கிற புல்தரை) பொத்துன்னு உக்காந்துச்சு. அந்த சத்தம் இருக்கே, அன்னிக்கு புடிச்ச பேய் இன்னும் இறங்கல.

இப்போ ஹேண்டிகேப் 21.4, அதாவது நல்ல நாள்ல பாருக்கு (நல்ல ஆட்டக்காரனுக்கு தேவையான அடிகள்) மேல சுமாரா 21 அடி, நம்பர் குறைய குறைய ஆட்டம் நல்லது. வருஷத்துக்கு 25 ரவுண்ட் போல ஆடுறேன், எல்லாம் பப்ளிக் கோர்ஸ்தான். குளிர்காலத்துல இங்க ஸ்கோர் போஸ்ட் பண்ணவே முடியாது, அப்போ எல்லாம் ரேஞ்ச்ல (பயிற்சி மைதானம்) ஹீட்டருக்கு கீழ நின்னு ரப்பர் மேட்ல அடிக்கிறதுதான். வாரம் ரெண்டு நாள், தடவைக்கு ஒரு பெரிய பக்கெட், நூறு பால் இருக்கும்.

போன ஞாயிறு கார்டு சொல்றேன், 94 அடிச்சேன். ரெண்டு ஓபி (எல்லைக்கு வெளிய போன பால்), மூணு த்ரீ-புட் (கிரீன்ல மூணு தட்டு), ஒரு பங்கர்ல (மணல் குழி) மட்டும் நாலு தடவை மண்ணு தோண்டினேன். மத்தபடி அவ்ளோ மோசம் இல்லன்னு எனக்கே ஒரு நினைப்பு.

விஷயம் என்னன்னா எங்க டீம்ல ஒருத்தன் "நான் ரெண்டே வருஷத்துல 5-க்கு வந்துட்டேன்"னு சொல்றான். அவன் என்கூட ஆடும்போது அப்படி ஒண்ணும் பெருசா தெரியல, ஆனா ஆப்ல 5.2னு காட்டுது. எனக்கு 45 வயசுக்குள்ள 5-க்கு வரணும்னு ஆசை. முடியுமா? யூடியூப்ல கேட்டா ஒருத்தன் ஒரு வருஷம்ங்கிறான், இன்னொருத்தன் சின்ன வயசுல ஆரம்பிக்கலன்னா மறந்துருங்கிறான். வீட்டம்மா கேக்குறா, "5 ஆனா சம்பளம் ஏறுமா?"ன்னு. பதில் இல்ல என்கிட்ட.

நீங்க எந்த வயசுல ஆரம்பிச்சீங்க, எங்க இருந்து எங்க வந்தீங்க, எவ்ளோ நாள் ஆச்சு, மறைக்காம சொல்லுங்க.

---

நந்தனம்_காலை6மணி:

தம்பி, நான் சென்னை. 27 வயசுல ஆரம்பிச்சேன், இப்போ 51. இன்னிக்கு என் நம்பர் 6.3. வாழ்க்கையில தொட்ட குறைச்சல் 4.1, அது 41 வயசுல. அதாவது பதினாலு வருஷம். பயந்துடாத, விவரமா சொல்றேன்.

28-ல இருந்து 18-க்கு வர பதினாலு மாசம்தான் ஆச்சு. அப்போ நினைச்சேன் அடுத்த வருஷம் 8, அதுக்கடுத்த வருஷம் ஸ்க்ராட்ச்னு (ஹேண்டிகேப் 0). 18-ல இருந்து 12-க்கு வர இன்னும் ரெண்டரை வருஷம். அப்புறம் 12, 13, 12, 13னு நாலு வருஷம் அங்கேயே டேரா. புது டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கிற கிளப்) வாங்கினேன், புது புட்டர் (கிரீன்ல தட்டுற கிளப்) வாங்கினேன், கிரிப் மாத்தினேன், ஸ்டான்ஸ் மாத்தினேன், ராசியில்லாத தொப்பியைக்கூட மாத்தினேன்.

அதுல இருந்து என்னை வெளிய கொண்டு வந்தது கோச் இல்ல, எங்க கேடி, கிளப் பை தூக்கிட்டு கூட வர்றவன். இருபத்திரெண்டு வயசு பையன். எங்க கோர்ஸ்ல ஒரு ஹோல் வலது பக்கம் வளையும், வளைவுல தண்ணி. நான் அங்க எப்பவும் டிரைவர் எடுப்பேன், பத்துக்கு ஆறு தடவை தண்ணியில போடுவேன். ஒரு நாள் கை நீட்டினேன், அவன் டிரைவர் கொடுக்கல. "சார், அது இன்னிக்கு வீட்ல இருக்குன்னு நினைச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு ஹைப்ரிட்ங்கிற சின்ன கிளப் ஒண்ண கைல வச்சான். கோவம் வந்துச்சு, ஆனா அடிச்சேன், நடுவுல போச்சு, அஞ்சுல முடிச்சேன். ஆறு வாரம் அந்த ஹோல்ல எனக்கு டிரைவர் தரவே இல்ல. ஆறு வாரத்துல அந்த ஹோல்ல ஒரு தடவைகூட டபுள் போகி (பாருக்கு ரெண்டு அடி மேல) வரல.

அன்னிக்கு ராத்திரி பழைய கார்டு எல்லாம் எடுத்து வச்சு பாத்தேன். 12 ஹேண்டிகேப்காரன் எனக்கு பேர்டி (பாருக்கு ஒண்ணு கம்மி) பத்தலன்னு நான் அழுதுகிட்டு இருந்தேன், ஆனா ஒவ்வொரு கார்டுலயும் மூணு நாலு டபுள். பாரும் போகியுமா (பாருக்கு ஒண்ணு மேல) ஆடினா 80 வந்துரும், அந்த டபுள்தான் 86 ஆக்குது. அதை குறைச்சதுலயே எட்டு மாசத்துல 9-க்கு வந்தேன், ஸ்விங்ல ஒரு மயிரிழைகூட மாத்தல.

ஆனா 9-ல இருந்து 5-க்கு அந்த வித்தை செல்லாது. அங்க அயர்ன் சுத்தமா படணும், கிரீன்ல பால் நிக்கணும். அதுக்கு ஒரு கோச்கிட்ட ஒரு வருஷம் முழுக்க, வாரத்துக்கு ஒரு நாள் போனேன். முதல் அஞ்சு மாசம் ஸ்கோர் ஏறிடுச்சு, இன்னும் மோசமாச்சு, விட்டுடலாம்னு இருந்தேன். அப்புறம்தான் இறங்குச்சு.

உன் கேள்விக்கு நேர் பதில்: 45-க்குள்ள 10 நிச்சயமா முடியும். 5 முடியலாம், ஆனா வருஷம் 25 ரவுண்ட்ல முடியாது. நான் இறங்கின வருஷங்கள்ல எல்லாம் எழுபது எண்பது ரவுண்ட் ஆடியிருக்கேன், காலைல ஆறு மணிக்கு டீ-ஆஃப், பத்து மணிக்கு ஆபீஸ்ல ஈர தலையோட மீட்டிங். சென்னை வெயில்ல வேற நேரத்துல ஆடவும் முடியாது.

---

ஓபி_ஓனர்:

எனக்கு முதல்ல ஒரு சந்தேகம், அந்த 5.2 நண்பர் புட்டை உள்ள போட்டு முடிப்பாரா இல்ல "இது கிம்மிதானே"ன்னு (கிட்ட இருக்கு, போட்ட மாதிரிதான்னு) தூக்கிட்டு போயிடுவாரா? முதல் டீல (ஆரம்பிக்கிற இடம்) அடி சரியில்லன்னா ரெண்டாவது பால் அடிப்பாரா? ஓபி போனா திரும்பி போய் அடிக்கிறாரா இல்ல வேலி ஓரமா ஒரு பாலை போட்டுட்டு "ஒண்ணு பெனால்டி"ன்னு சொல்லிட்டு போறாரா? இந்த மூணுலயே ரவுண்டுக்கு அஞ்சு ஆறு ஸ்ட்ரோக் காணாம போயிடும் சாமி.

இன்னொண்ணு, நிறைய பேர் ஹேண்டிகேப்னா சராசரி ஸ்கோர்னு நினைச்சுக்கிறாங்க. இல்ல. 2020-ல உலகம் முழுக்க ஒரே முறை கொண்டு வந்தாங்கல்ல, அதுல கடைசி 20 ரவுண்ட்ல சிறந்த 8-ஐ மட்டும் எடுத்து சராசரி போடுறாங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஸ்கோர்ல இருந்து கோர்ஸ் ரேட்டிங்கை (ஸ்க்ராட்ச் ஆட்டக்காரன் அங்க அடிக்கக்கூடிய ஸ்கோர்) கழிச்சு, 113-ஆல பெருக்கி, அந்த கோர்ஸோட ஸ்லோப்பால (சாதாரண ஆட்டக்காரனுக்கு எவ்ளோ கஷ்டம்ங்கிற நம்பர்) வகுக்கணும். உங்க 94-ஐயே எடுத்துக்கலாம், ரேட்டிங் 70.4, ஸ்லோப் 126னு வச்சுக்கிட்டா 23.6 இன்ட்டு 113 பை 126, வர்றது 21.2. அந்த பங்கர் கூத்துல ஹோலுக்கு ஒரு லிமிட் வேற இருக்கு, நெட் டபுள் போகிக்கு (டபுள் போகியோட அந்த ஹோலுக்கு உங்க ஹேண்டிகேப் சலுகையும் சேத்து) மேல கணக்குல வராது, அதனால உண்மையில இன்னும் கொஞ்சம் குறையும்.

அப்போ 5 ஹேண்டிகேப்காரன் எப்பவும் 77 அடிப்பான்னு இல்ல. அவனோட நல்ல எட்டு ரவுண்ட்தான் 76, 77. மத்த பன்னெண்டு ரவுண்ட்ல 80, 82, கெட்ட நாள்ல 86கூட அடிப்பான். உங்க ஆளு உங்ககூட ஆடும்போது 82 அடிச்சா பொய்க்காரன்னு முடிவு கட்டிடாதீங்க. 95 அடிச்சா மட்டும் ஒரு பார்வை பாருங்க.

என் கதை கேக்காதீங்க. பதினோரு வருஷம், 16. சந்தோஷமா இருக்கேன்.

---

தெம்பனிஸ்_தம்பி:

நான் சிங்கப்பூர். வருஷக்கணக்குல பேசுறதே தப்புன்னு நினைக்கிறேன், மணிக்கணக்குல பேசணும்.

டான் மெக்லாக்லின்னு ஒருத்தர், அமெரிக்காவுல போர்ட்லாண்ட் ஊர்ல போட்டோகிராஃபரா இருந்தவர். கோல்ஃப்ல அனுபவமே இல்லாத ஆளு, 30 வயசு, 2010-ல வேலைய விட்டுட்டு பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி எடுத்தா ப்ரோ ஆக முடியுமான்னு பாக்க இறங்கினாரு. முதல் சில மாசம் வெறும் புட்டர் மட்டும்தான், கிரீன்ல இருந்து ஆரம்பிச்சு மெல்ல மெல்ல பின்னாடி போய் கடைசிலதான் டிரைவரை தொட்டாரு. கோச், ஃபிட்னஸ்னு எல்லாம் வச்சு முழுநேர வேலை மாதிரி செஞ்சாரு. குறைஞ்சபட்சமா 2.6 வரைக்கும் வந்தாரு. 2015 வாக்குல முதுகு போச்சு, ஆறாயிரம் மணி நேரத்தோட நிறுத்த வேண்டியதா போச்சு.

இப்போ உங்க கணக்கை போடுங்க. வாரம் ஆறு மணி நேரம் வச்சாலும் வருஷத்துக்கு முந்நூறு மணி. அவர் போட்ட ஆறாயிரம் மணிக்கு உங்களுக்கு இருபது வருஷம் வேணும். 2.6 வேண்டாம், 5 போதும்னா அதுல பாதின்னே வைங்க, அப்பவும் பத்து வருஷம். அதுவும் அவர் மாதிரி பக்கத்துல கோச் நின்னு பாத்த மணி நேரம், நாம ரேஞ்ச்ல போன் நோண்டிக்கிட்டே அடிக்கிற மணி நேரம் இல்ல.

அமெரிக்காவுல ஹேண்டிகேப் வச்சிருக்கிற ஆம்பளைங்க சராசரியே 14-ஐ ஒட்டிதான். அதுவும் ஸ்கோர் போஸ்ட் பண்ற அளவுக்கு ஆர்வம் உள்ளவங்களோட சராசரி, சும்மா வருஷத்துக்கு நாலு தடவை ஆடுறவங்க அந்த கணக்குலயே இல்ல. ஸ்க்ராட்ச் அல்லது அதுக்கும் கீழன்னா ரொம்ப கொஞ்சம் பேர்தான் தேறுவாங்க.

எதுல பயிற்சி எடுக்கணும்னு கேட்டா, கொலம்பியா யூனிவர்சிட்டி பேராசிரியர் மார்க் பிராடி ஷாட் ஷாட்டா டேட்டா எடுத்து ஒரு கணக்கு போட்டாரு, இப்போ டிவில ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்னு சொல்றாங்களே அது அவரோடது. நல்லா ஆடுறவனுக்கும் சுமாரா ஆடுறவனுக்கும் உள்ள வித்தியாசத்துல மூணுல ரெண்டு பங்கு நூறு கஜத்துக்கு வெளிய இருந்து அடிக்கிற ஷாட்லதான் இருக்குங்கிறாரு. நம்ம ஆளுங்க பாட்டன் காலத்துல இருந்து "புட்டிங்தான் காசு"ன்னு சொல்லிட்டு வர்றாங்க. எட்டு அடி தூரத்துல இருந்து டூர் ப்ரோவே பாதிதான் உள்ள போடுறான், நாம எட்டு அடி மிஸ் பண்ணிட்டு புட்டரை முறைக்கிறோம்.

என் நிலவரம்: 31-ல ஆரம்பிச்சேன், இப்போ 38, 9.8. இங்க கோர்ஸ்ல கால் வைக்கிறதுக்கே ப்ரொஃபிஷியன்சி சர்டிஃபிகேட் டெஸ்ட் பாஸ் பண்ணணும், ரூல்ஸ் தியரி எல்லாம் எழுதணும், லைசென்ஸ் எடுக்குற மாதிரி. அப்புறம் ஆட இடம் எங்க? மெம்பர்ஷிப் விலை கேட்டா தலை சுத்தும், மெரினா பே பப்ளிக் கோர்ஸ் இருந்துச்சு, அதையும் 2024-ல மூடிட்டாங்க. இப்போ சனிக்கிழமை விடியக்காலை நாலரைக்கு எந்திரிச்சு பாலம் தாண்டி மலேசியா ஜொகூர் போறேன். பாலத்துல நிக்கிற நேரத்தையும் பயிற்சி நேரத்துல சேத்தா நான் எப்பவோ ஸ்க்ராட்ச்.

---

எடிசன்_அப்பா:

இருபது வருஷமா! அப்போ ரிட்டயர்மென்ட் கிஃப்ட்டா 5 கிடைக்கும் போல.

நந்தனம் அண்ணே, அந்த டபுள் விஷயம் நெஞ்சுல தச்சுது. கார்டை எடுத்து பாத்தேன், 94-ல ஆறு டபுள், ஒரு எட்டு.

இன்னொரு கேள்வி. நான் போற இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொரு தடவையும் "இடது கை மடங்குது, மடங்குது"ன்னு சொல்றாரு. மூணு மாசமா அதை மட்டும்தான் சரி பண்றேன். நேரா வச்சா பால் தரையோட ஓடுது, மடக்கினா ஸ்லைஸ் ஆகுது (வலது பக்கம் வளைஞ்சு போகுது). இதை முழுசா சரி பண்ணாம 10-க்குகூட வர முடியாதா?

---

ஊட்டி_கேடி:

சார் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு எழுதலாம்னு தோணுச்சு. எழுத்து தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் ஊட்டி. பதினோரு வயசுல கேடி வேலைக்கு போனேன், பள்ளிக்கூடம் லீவு நாள்ல. வென்லாக் டவுன்ஸ் பக்கம் அந்த கோர்ஸ் பாத்தவங்களுக்கு தெரியும், சமதரையே கிடையாது, ஒரு கால் மேல ஒரு கால் கீழ நின்னுதான் அடிக்கணும், ஓரத்துல எல்லாம் முள்ளு புதர். புதருக்குள்ள பூந்து காணாம போன பால் எடுத்து வித்தா அன்னிக்கு டீ செலவு ஆச்சு. எங்க நாலு பேருக்கு ஒரே ஒரு கிளப், ஒரு சார் தூக்கி போட்ட அஞ்சாம் நம்பர் அயர்ன், கிரிப்ல சைக்கிள் டியூப் சுத்தி வச்சிருந்தோம். அதுலயே டிரைவ், அதுலயே சிப் (கிரீன் ஓரத்துல இருந்து சின்ன அடி), அதுலயே புட். வெயில் காலம் மழை காலம்னு இல்லாம சாயந்தரம் வெளிச்சம் போற வரைக்கும் அடிப்போம், ஹோலுக்கு ஒரு ரூபா பந்தயம். ஒரு ரூபா அப்போ எங்களுக்கு பெருசு.

பதினெட்டு வயசுல கேடி டோர்னமென்ட்ல 71 அடிச்சேன். எனக்கு ஹேண்டிகேப் கார்டே இல்ல அப்போ. டெல்லியில அலி ஷேர் சார் கேடி குடும்பத்துல இருந்து வந்து 1991-ல இண்டியன் ஓபன் ஜெயிச்சாரு, அந்த கதைதான் எங்களுக்கு சாமி கதை மாதிரி. நான் அந்த அளவுக்கு வரல, இப்போ துபாய்ல ஒரு ரேஞ்ச்ல சொல்லிக் குடுக்குறேன், பன்னெண்டு வருஷம் ஆச்சு.

ஆபீஸ்காரங்க வருவாங்க, நூறு பால் வாங்குவாங்க, நாப்பது நிமிஷத்துல தீத்துருவாங்க, அதுல எழுபது டிரைவர். எங்க அடிக்கிறீங்கன்னு கேட்டா "அங்க"ன்னு பொதுவா கைய காட்டுவாங்க. அது பயிற்சி இல்ல சார், கை வலிதான் மிச்சம்.

நீங்க மேட்ல அடிக்கிறேன்னு எழுதியிருந்தீங்க. மேட் பொய் சொல்லும். பாலுக்கு ரெண்டு விரக்கடை பின்னாடி கிளப் இறங்கினாலும் ரப்பர்ல வழுக்கிட்டு போய் பாலை தூக்கிடும், நீங்க நல்ல ஷாட்னு நினைப்பீங்க. அதே அடி புல்லுல அடிச்சா மண்ணை அள்ளிட்டு பால் முப்பது கஜம் போகும். மேட்ல அடிச்சே ஆகணும்னா பாலுக்கு பின்னாடி ஒரு சாண் தள்ளி கைத்துண்டை மடிச்சு போடுங்க. துண்டுல படாம பால்ல படணும். முதல் வாரம் துண்டு பறக்கும், பரவால்ல. அப்புறம் கிளப் முகத்துல காலுக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரே அடிச்சுட்டு பத்து பால் அடிங்க, எங்க படுதுன்னு அச்சு விழும். அதை போட்டோ எடுத்து வைங்க.

இடது கை மடங்குறது பத்தி. கால்வின் பீட்னு ஒரு அமெரிக்க ஆட்டக்காரர், சின்ன வயசுல முழங்கை உடைஞ்சு சரியா கூடாம இடது கைய நேரா நீட்டவே முடியாது. இருபது வயசுக்கு மேலதான் கோல்ஃப் ஆரம்பிச்சாரு. பிஜிஏ டூர்ல (அமெரிக்க ப்ரோ போட்டித் தொடர்) 12 போட்டி ஜெயிச்சாரு, பத்து வருஷம் தொடர்ந்து டூர்லயே அவர்தான் டிரைவர்ல நேரா அடிக்கிறவர்னு முதல் இடம். அதனால கை மடங்கினா மடங்கட்டும் சார், பால்ல படும்போது முகம் எங்க பாக்குதுன்னு மட்டும் கவனிங்க. உங்க கோச் நல்லவராதான் இருப்பாரு, ஆனா மூணு மாசம் ஒரே விஷயம் சொல்லி மாறலன்னா அந்த வார்த்தை உங்களுக்கு ஒத்துவரலன்னு அர்த்தம், வேற மாதிரி சொல்ல சொல்லுங்க.

என்கிட்ட வர்றவங்கள்ல 20-ல ஆரம்பிச்சு 5-க்கு வந்தவங்க பன்னெண்டு வருஷத்துல நாலு பேர். மூணு பேர் சின்ன வயசுல கிரிக்கெட்டோ ஹாக்கியோ நல்லா ஆடினவங்க. சீக்கிரமா வந்தவர் அஞ்சு வருஷம்.

---

ஓபி_ஓனர்:

சைக்கிள் டியூப் கிரிப்ல 71. நான் முப்பத்தஞ்சாயிரம் ரூபா டிரைவர்ல 71 அடிச்சேன், ஒன்பது ஹோலுக்கு.

லேட்டா ஆரம்பிச்சு பெரிய ஆளானவங்க லிஸ்ட்ல லாரி நெல்சனையும் சேத்துக்கோங்க, வியட்நாம் போய்ட்டு வந்து 21 வயசுல முதல் முறையா கிளப் புடிச்சவர், மூணு மேஜர் (பெரிய பட்டப் போட்டி) ஜெயிச்சாரு. நாமளும் வியட்நாம் போய்ட்டு வந்தா சரியாகுமோ என்னவோ.

---

ஃப்ரிஸ்கோ_கோவைக்காரி:

அண்ணா, பொண்ணுங்க யாரும் எழுதலைங்களே, நான் எழுதறேன். சொந்த ஊர் கோயமுத்தூர், இப்ப டெக்சாஸ் ஃப்ரிஸ்கோ. 41 வயசுல ஆரம்பிச்சேனுங்க, அதுவும் வீட்டுக்காரர் சனிக்கிழமை முழுக்க காணாம போறாரேன்னு அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கப் போனேன். முதல் ஹேண்டிகேப் 37. இப்ப 46 வயசு, 13.6. அவரு இன்னும் 18-லயேதான் இருக்காருங்க, அதை இங்க எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு.

எனக்கு ஒரு ரகசியமும் இல்லைங்க, ஒன்பது ஹோல்தான். பசங்கள ஸ்கூல்ல விட்டுட்டு எட்டரைக்கு கோர்ஸ், ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு வீடு. வாரம் மூணு நாள். 2024-ல இருந்து ஒன்பது ஹோல் ஸ்கோர் போட்டாலும் மீதி ஒன்பதுக்கு எதிர்பார்ப்பு ஸ்கோர் ஒண்ணு வச்சு உடனே கணக்குல சேத்துடறாங்க, முன்ன மாதிரி இன்னொரு ஒன்பது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பதினெட்டு ஹோல் ஆடினாத்தான் கோல்ஃப்னு நினைக்கறதாலதான் பாதி பேருக்கு நேரமே கிடைக்கறதில்லைங்க. வீட்டம்மா கோவம் பாதி அந்த அஞ்சு மணி நேரத்து மேலதான், நான் சொல்றேன், கேட்டுக்கோங்க.

சிங்கப்பூர் தம்பி சொன்ன அந்த பேராசிரியர் கணக்கு சரியாத்தான் இருக்கும், ஆனா அது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாதுங்க. என் டிரைவர் 165 கஜம் போகும், நல்ல நாள்ல 170. 360 கஜம் பார் ஃபோர்ல ரெண்டுல கிரீனுக்கு போறது எனக்கு நடக்கற காரியமா? மூணாவது ஷாட் எப்பவும் 40, 50 கஜம்தான் மிச்சம் இருக்கும். அதனால ஆரம்பத்துல இருந்தே அந்த தூரத்தை மட்டும் வச்சு தேச்சேன். மூணு வெட்ஜ் (கிட்ட தூரத்துக்கான கிளப்), ஒவ்வொண்ணுலயும் இடுப்பு வரைக்கும், நெஞ்சு வரைக்கும், முழுசான்னு மூணு அளவு, மொத்தம் ஒன்பது தூரம், ஒரு அட்டையில எழுதி பேக்ல கட்டி வச்சிருக்கேன். 24-ல இருந்து 15 வந்தது முழுக்க அந்த அட்டைதானுங்க.

இப்ப 13-ல மாட்டிக்கிட்டேன், இங்கிருந்து தூரம் வேணும், அதனால இந்த வருஷம் ஜிம். இதுல அவர் கணக்கு சரிதான், ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு மறந்துட்டேன். ஒரே ஹோம் கோர்ஸ்லயே ஆடினா நம்பர் வேகமா இறங்கும், ஆனா வெளிய போனா தெரியும் லட்சணம். நான் 14-னு பெருமையா டல்லாஸ்ல வேற ஒரு கோர்ஸ் போய், காத்துல, 104 அடிச்சுட்டு காருக்குள்ள உக்காந்து அழுதேன்.

---

நந்தனம்_காலை6மணி:

தங்கச்சி சொன்ன அட்டை விஷயம் தங்கம். நானும் 43 வயசுல முதுகு போன அப்புறம் தூரம் இருபது கஜம் குறைஞ்சு, அப்படித்தான் 6-லயே தாக்கு பிடிக்கிறேன். உடம்பு விஷயத்தை யாரும் ஆரம்பத்துல சொல்ல மாட்டாங்க. நாப்பதுக்கு மேல தினமும் நூறு பால் அடிச்சா முழங்கைதான் முதல்ல பேசும். எனக்கு ஒரு வருஷம் முழுசா போச்சு அதுல.

கேடி தம்பி, ஊட்டி வந்தா சொல்லு, அந்த சரிவுல உன் பின்னாடி நடந்து வந்து பாக்கணும்.

---

எடிசன்_அப்பா:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சொன்னதை எல்லாம் செஞ்சுட்டு எழுதலாம்னு இருந்தேன்.

முதல்ல பவுடர் ஸ்ப்ரே. பத்து பால்ல எட்டு அச்சு ஹீல் பக்கம் (கிளப் முகத்தோட உள்பக்க ஓரம்), ஒண்ணு கிட்டத்தட்ட ஷாஃப்ட்லயே (தண்டு). மூணு மாசமா இடது கைய திட்டிக்கிட்டு இருந்தேன், நின்ன இடமே தப்பு, பாலுக்கு ரொம்ப கிட்ட நிக்கிறேன். அரை அடி தள்ளி நின்னதுக்கே சத்தம் மாறிடுச்சு. துண்டு பறந்துச்சு, பக்கத்து இடத்துல அடிச்சுட்டு இருந்த கொரியன் தாத்தா ஒருத்தர் ரெண்டு தடவை எடுத்து குடுத்தாரு, மூணாவது தடவை சிரிச்சுட்டு அவரே தன் துண்டையும் மடிச்சு வச்சு ஆரம்பிச்சுட்டாரு.

நாலு ரவுண்ட் கணக்கு எழுதினேன். பெனால்டி ஸ்ட்ரோக் 13. த்ரீ-புட் 11. கிரீன் ஓரத்துல சொதப்பின சிப் 9. மொத்தம் 33, ரவுண்டுக்கு எட்டு. ஸ்விங்ல ஒண்ணும் தொடாம இதுல பாதியை நிறுத்தினாலே நான் 17. இருபது வருஷ கணக்கை இப்போதைக்கு ஓரமா வச்சுட்டேன், அடுத்த சீசன் முடியறதுக்குள்ள 15, அவ்ளோதான் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். 5 பத்தி 15-ல நின்னுகிட்டு யோசிக்கிறேன்.

வீட்ல ஒப்பந்தம் ஆச்சு. ஞாயிறு முழு ரவுண்ட் மாசத்துக்கு ரெண்டு தடவை, மத்தபடி ஒன்பது ஹோல், காலைல ஒன்பது மணிக்குள்ள வீட்ல இருக்கணும். பொண்ணு ஒன்பது வயசு, அவளும் வர்றேங்கிறா, கோல்ஃப்க்கு இல்ல, கார்ட் ஓட்டுறதுக்கு.

அப்புறம் அந்த 5.2. போன வாரம் அவன்கூட ஆடினேன். நாலு அடி புட், தூக்க போனான், "போட்டுடேன்டா"ன்னு சும்மா சொன்னேன். போட்டான், உதட்டுல சுத்திட்டு வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் மிச்சம் ஹோல் எல்லாம் எல்லாத்தையும் உள்ள போட்டுத்தான் முடிச்சான், 91. பாவமா போச்சு, பீர் நான்தான் வாங்கிக் குடுத்தேன். அடுத்த மாசம் லாங் ஐலண்ட்ல பெத்பேஜ் போலாம்ங்கிறான், பிளாக் கோர்ஸ். நல்லா ஆடத் தெரிஞ்சவங்க மட்டும் வரவும்னு முதல் டீலயே போர்டு வச்சிருப்பாங்களே, யூஎஸ் ஓபன் நடந்த இடம், அது. நான் பக்கத்துல இருக்கிற மஞ்சள் கோர்ஸ்ல ஆடுறேன், நீ முடிச்சுட்டு வான்னு சொல்லிட்டேன்.

நாளைக்கு 6:20 டீ டைம். மழைன்னு சொல்றாங்க.

---

ஓபி_ஓனர்:

ஷேங்க் (தண்டு ஓரத்துல பட்டு பால் பக்கவாட்டுல ஓடுறது) அடிச்சா பவுடர் அச்சு போட்டோ போடவும்.